கம்பெனிக்குள் நான் வைத்த புங்க மரங்கள்

1. பொட்டல்

நகராட்சியில் பூங்கா மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் நாள், கமிஷனர் என்னை ஜீப்பில் கூட்டிப்போய் ஒரு பொட்டலைக் காட்டினார். நடுவில் உடைந்த சறுக்கு. மூலையில் சீமைக்கருவேலம். அதன் கீழே ஆடுகள்.

"இதுதாங்க பூங்கா," என்றார்.

"மரமே இல்லையே சார்."

"அதுக்குத்தான உங்களப் போட்டிருக்கு."

மழை பெய்யாத ஊர் என்பதால்தான் எங்கள் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. மருந்து காய வெயில் வேண்டும். ஊரே வெயிலை நம்பிப் பிழைக்கும்போது, நிழல் வளர்க்கவென்று ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த முட்டாள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தங்க மாட்டேன். பஸ் ஏறி மலையடிவாரத்துக்குப் போய், ஓடை ஓடையாக நடந்து விதை பொறுக்குவேன். "இந்த மனுசனுக்குக் கால்ல சக்கரம்" என்பாள் என் மனைவி. அந்த விதைகள்தான் நகராட்சி நர்சரியில் கன்றுகள் ஆயின. கரிசல் மண்ணில் குழி வெட்டி, தொழுவுரம் போட்டு, லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்து, தலையால் தண்ணி குடித்து அந்தப் பொட்டலைப் பூங்கா ஆக்கினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

2. முனியம்மாள் கேட்டது

பூங்காவில் தண்ணீர் ஊற்றும் தினக்கூலி ஆட்களில் முனியம்மாள் கெட்டிக்காரி. நாரணாபுரத்துக்காரி. வாய்த் துடுக்கும் உண்டு. ஒருநாள், பட்டாசுக் கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்க என்ன குறை உனக்கு? நிழல்ல வேலை."

"நிழலத் தின்னா வயிறு நெறையுமா சார்? மாசத்துல பாதி நாள் லாரி வரலைன்னு திருப்பி அனுப்புதீக. அங்கன சீசன்ல ஒருநாள் லீவு கெடையாது."

சொன்னபடியே போனாள். அடுத்த கோடையில் நர்சரிக்கு வந்து நின்றாள்.

"சார், எங்க கம்பெனியில மருந்துக்கு ஒரு பொட்டு நிழல் இல்ல. சோறு திங்க எடமில்ல. நாலு கன்னு வச்சுக் குடுங்க. நான் தண்ணி ஊத்திக்கிடுதேன்."

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். நாரணாபுரத்துக் கம்பெனிக்கே போய் அவளுடைய முதலாளியைப் பார்த்தேன். "ஓசியில வச்சா வேண்டாம்னா சொல்லப்போறேன்" என்று சிரித்தார். வேலை நடக்கும் அறைகளுக்குத் தள்ளி, கிணற்றோரமாக வரிசையாகப் புங்கன் வைத்தேன். புங்கன் வறட்சி தாங்கும், சீக்கிரம் கவியும். முனியம்மாள் சொன்னபடி ஊற்றினாள். சில வருடங்களில் பெண்கள் அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நடையில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

3. ரம்பம்

பட்டாசு வேலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி உண்டு. தீபாவளி ஆர்டர் குவியும்போது அறை பத்தாது. ஆள் மட்டும் கூடும். கூடின ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்து சரவெடி பின்னுவார்கள். அது விதிக்கு விரோதம். எல்லோருக்கும் தெரியும். என் புங்க நிழலிலும் சோற்றுத் தூக்கு இருந்த இடத்தில் வெடிக்கட்டு வந்தது. கண்டித்தேன். "சீசன் முடியட்டும் சார்" என்றார் முதலாளி.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேறொரு கம்பெனியில் மரத்தடியில் வெடித்துச் சிலர் செத்தார்கள். உடனே அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாக வந்தார்கள். முனியம்மாளின் முதலாளி எனக்குப் போன் போட்டார்.

"மரத்தையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாக. நீங்க வச்சது, சொல்லாம வெட்டினா வருத்தப்படுவீகன்னுதான் சொல்லுதேன்."

ஓடினேன். "அண்ணாச்சி, மரம் என்ன செய்தது? இன்னும் ரெண்டு ரூம் கட்டுங்க. மரத்தைச் சுற்றி வேலி போட்டு, சோறு திங்க மட்டும் விடுங்க."

"ரூம் கட்ட லைசென்சுக்கு அலையணும் சார். மரம் வெட்ட ரம்பம் போதும்."

ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரியிடமும் கெஞ்சினேன். படித்தவர், நல்லவர்தான்.

"மரம் இருந்தா உக்காருவாங்க. இல்லைன்னா உக்கார மாட்டாங்க. அவ்வளவுதானே?" என்றார்.

"வேலை இருந்தா உக்காருவாங்க சார்," என்றேன். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். எய்தவன் இருக்க அம்பை நோகிறார்கள் என்று வாசலில் நின்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெட்டினார்கள். காய்த்துக் கிடந்த மரங்கள். நான் அழுதேன். அத்தனை பெண்களுக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். முனியம்மாள் அழவில்லை.

"இனி எங்க உக்காந்து பின்னுவீக?" என்று கேட்டேன்.

"தார்ப்பாய் கட்டித் தாரேன்னுருக்காரு."

"வேண்டாம் முனியம்மா. பூங்காவுக்கே வந்துரு."

"வருசம் பூரா வேலை குடுப்பீகளா சார்?"

கமிஷனரிடம் போய்க் கேட்டேன். தண்ணீர் ஊற்றும் வேலை அதற்குள் காண்டிராக்டுக்குப் போயிருந்தது. ஆள் போடும் அதிகாரம் தனக்கே இல்லை என்றார். அதை அவளிடம் சொன்னேன். "தெரியும் சார். நீங்க கேட்டதே போதும்," என்றாள். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

4. புகை

எங்கள் ஊரில் பெரிய சத்தம் கேட்டால் முதலில் எல்லோரும் வானத்தைப் பார்ப்போம். எந்தத் திசையில் புகை என்று தெரிந்தால், அந்தப் பக்கம் சொந்தம் வேலை பார்க்கிறவர்கள் ஓடுவார்கள். மற்றவர்கள் பாதியில் விட்ட டீயைக் குடிப்பார்கள். நானும் பல வருடம் டீயைக் குடித்தவன்தான்.

அந்த ஆவணியில் பூங்காவில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். நாரணாபுரம் பக்கம் புகை எழுந்தது. நான் ஓடினேன்.

தார்ப்பாயின் கீழே நடந்திருந்தது. வெட்டின மரங்களின் தூர்களில்தான் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். உராய்வு என்றார்கள். இருக்கலாம். அனல் பறக்கும் மதியத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வெடி பின்ன வைத்தால் உராய்வும் வரும், எமனும் வருவான். முனியம்மாளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பேசும் நிலையில் இல்லை. மறுநாள் காலையில் செத்துப்போனாள்.

மரத்தை வெட்டச் சொன்ன உத்தரவில் எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கு மரத்தடியில் யாருமே சாகவில்லை.

5. கன்றுகள்

கம்பெனியை இழுத்துப் பூட்டினார்கள். சில மாதங்களில் திறந்தார்கள். திறந்த கையோடு முதலாளி நர்சரிக்கு வந்தார். மெலிந்திருந்தார். அவரும் தூங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

"மரக்கன்னு வேணும் சார். கம்பெனியில பசுமை இருக்கணும்னு சொல்லுதாக."

என் காதை நம்ப முடியவில்லை. "புங்கன் இருக்கு. வேம்பு இருக்கு," என்றேன்.

அவர் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"நிழல் விழாத மரமாக் குடுங்க சார்."

அவரை அடித்திருக்கலாம். கன்று இல்லை என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நெட்டிலிங்கம் கொடுத்தேன். கம்பம்போல் நேரே உயரும், கிளை விரியாது. பார்க்கப் பச்சையாக இருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். குழி வெட்டுவதும் கவாத்தும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் கற்றது ஒன்றுதான். மரம் வைத்தால் மனிதருக்கு நல்லது என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அந்த மனிதர் எந்த நிலையில் அதன் கீழே உட்காரப்போகிறார் என்பதை மரம் தீர்மானிப்பதில்லை, நாமும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்கிறவர்களிடம் நான் தோற்றுப்போனேன். நீங்கள் ஜெயித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை நடை நிற்கவில்லை. நாரணாபுரம் பக்கமும் போகிறேன். நெட்டிலிங்கம் நன்றாக வளர்ந்திருக்கிறது. மதியத்தில் பெண்கள் கம்பெனி வேனின் நிழலில் நெருக்கி உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். டிரைவர் வந்து ஹாரன் அடித்தால், கையில் சோற்றோடு எழுந்து வழிவிடுகிறார்கள்.