பிசிறு வெட்டிய தேங்காய்

எங்கள் முதலாளிக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் பனியன்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. திருப்பூரில் அவருடைய கம்பெனியில் பதினோரு வருஷமாக வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவது என் வேலை. பனியன் ஆர்டர் சுணங்கிய ஒரு வருஷம், கொமரலிங்கத்துப் பக்கம் தனக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிற ஞாபகம் அவருக்கு வந்தது. "டி-சர்ட் அனுப்பறவனுக்குத் தேங்காய் அனுப்பத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். "தெரியுங்க சார்" என்றேன். அவர் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். எனக்குப் பாதிச் சம்பளம் அதற்குத்தான்.

வளைகுடா வியாபாரி ஒருவர் ஒரு கண்டெய்னர் காய் கேட்டார். தோப்பில் இருபது வருஷமாகக் காய் உரிக்கும் ஒருவர் இருந்தார். தரையில் நட்ட இரும்புப் பாரையில் காயைக் குத்தி, மூன்று திருப்பில் மட்டையைக் கழற்றிவிடுவார். காயின் கண்ணை மூடும்படி உச்சியில் ஒரு பிடி நாரை மட்டும் குடுமியாக விட்டுவைப்பார். அந்தக் குடுமி எதற்கு என்று சந்தைக்குப் போகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோப்பு வீட்டிலேயே பிறந்த எங்கள் முதலாளிக்குத் தெரியவில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் தெரிந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோய்விட்டது.

காய் கம்பெனி குடோனில் வந்து இறங்கியது. அவர் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, பிசிறு வெட்டாம வந்திருக்குது?"

தைத்து முடித்த துணியில் தொங்குகிற நூலுக்குத்தான் எங்கள் ஊரில் பிசிறு என்று பெயர். அதை வெட்டாமல் ஒரு பீஸ்கூடப் பெட்டிக்குள் போகாது. செக்கிங் பெண்களை மொத்தமாகக் குடோனுக்கு வரவழைத்து, கையில் கத்தரியைக் கொடுத்து, குடுமியை மழிக்கச் சொன்னார். மூன்று நாள் மழித்தார்கள். காயெல்லாம் மொட்டைத் தலையாகப் பளபளத்தது. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வேறு போட்டுக்கொண்டார் மனுஷன்.

மழிக்கத் தொடங்கிய முதல் நாளே, லாரியோடு வந்திருந்த உரிப்பவர் பதறிப்போனார். "ஏனுங்க, குடுமிய எடுத்தாக் கண்ணுல காத்து பூந்துருமுங்க. கப்பல்ல போற காய் தாங்காதுங்க."

முதலாளி சிரித்தார். "எக்ஸ்போர்ட்டுன்னா பினிஷிங் வேணுமப்பா. உனக்கு அதெல்லாம் புரியாது."

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரியும். குடுமியைப் பிய்த்த காயை அன்றைக்கே உடைத்துவிட வேண்டும் என்று என் மனைவி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

காய் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்ததும், கண்டெய்னரைத் திறந்தவர்கள் படம் அனுப்பினார்கள். கண்ணெல்லாம் பச்சைப் பூஞ்சணம், மூட்டையெல்லாம் ஈரம். என்ன காரணம், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உரிக்கையில கீறல் உட்டுட்டான்னு எழுதுங்க. ஆள நிறுத்தியாச்சுன்னும் போடுங்க."

எழுதினேன். ஒரு பிழை இல்லாத இங்கிலீஷில் எழுதினேன். பனியன் வியாபாரத்தில் இப்படி எத்தனை பேரைக் காகிதத்தில் நிறுத்தியிருக்கிறோம். மறுநாள் அவர்கள் வழக்கம்போல வேலைக்கு வருவார்கள். இதுவும் அப்படிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வியாபாரி விவரமான ஆள். தப்புச் செய்தவர் கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் அடுத்த கண்டெய்னர் என்று எழுதிவிட்டார்.

"கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்னும் சொல்லிருங்க" என்றார் முதலாளி. நேரில் போய்ச் சொல்ல அவருக்குத் துப்பில்லை. அந்த ஈன வேலைக்கு ஆள் நான் இருந்தேனே.

கீறல் விட்டது தான்தான் என்று அவரே ஒப்புக்கொள்வதாக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, மத்தியானம் தோப்புக்குப் போனேன். உரித்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவி, துண்டில் துடைத்து, அழுக்குப் படாமல் காகிதத்தை வாங்கினார். வேலை இல்லை என்றேன்.

"மத்த தோப்புலயெல்லாம் மெசின் வந்துருச்சுங்க தம்பி. இந்த வயசுல என்னைய யாருங்க சேத்துவாங்க?" என்று கேட்டார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்லீங்கண்ணா. ஆர்டர் இல்ல, அவ்வளவுதான்."

"இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்குங்கண்ணா."

காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க."

"அப்பச் சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிப் பேனாவுக்குக் கையை நீட்டினார்.