பெரியவன் உறுமாமல் போன நாட்கள்

என் மகள் தவழத் தொடங்கிய அதே மாதத்தில் சின்னவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சின்னவன் என்பது நாய்க்குட்டி. திண்டிவனத்தில் என் கணவர் வேலை செய்யும் மண்டியில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததைப் பைக்குள் வைத்து ரயிலில் விழுப்புரம் கொண்டுவந்தார். பெரியவன் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரோடு இருக்கிற நாய். பதினொரு வயது, இடுப்பில் வலி. எழும்போது முன்கால்களை ஊன்றி, சற்று யோசித்துவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்குவான்.

சின்னவனுக்குப் பெரியவனின் காதுதான் விளையாட்டுச் சாமான். கவ்வி இழுப்பான், முதுகில் ஏறுவான். பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், பிறகு வேறு மூலைக்குப் போய்ப் படுப்பான். அங்கேயும் சின்னவன் வந்தால் உறுமுவான்.

என் குழந்தையும் அதே தரையில்தான் தவழ்கிறாள். ஒருநாள் அவள் கையும் அந்தக் காதைப் பிடிக்கும். அதனால் உறுமும்போதெல்லாம் பெரியவனை அதட்டினேன். விரலை நீட்டி 'தப்பு' என்பேன். ஒருமுறை செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் தட்டினேன். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். சத்தம் போடுகிறவனை அடக்கினால் வகுப்பு அடங்கிவிடும் என்று நம்பினேன்.

இரண்டு வாரத்தில் உறுமல் நின்றது.

"பாத்தீங்களா, எப்படி அடங்கிட்டான்."

"டீச்சராச்சே. என்னயே அடக்கி வச்சிக்கினு கீற, அவன் எம்மாத்திரம்," என்றார் கணவர்.

சில நாட்கள் கழித்து ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் கரண்டியைச் சப்பியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு முழம் தள்ளிப் பெரியவன் படுத்திருக்க, சின்னவன் அவன் காதை இழுத்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு துணி, பிறகு விலக்கலாம் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பெரியவனின் தலை திரும்பியது மட்டும் தெரிந்தது. சின்னவன் அலறினான், மகள் மல்லாந்து விழுந்தாள். அவள் சட்டைக் கையில் ரத்தம்.

சட்டையைக் கழற்றி எறிந்தேன். விரல் விரலாகப் பார்த்தேன். கழுத்து, காதுமடல், தலைமுடிக்குள். ரத்தம் அவளுடையதல்ல, சின்னவனின் காது கிழிந்திருந்தது. அது தெரிந்த பிறகும் என் கைகள் அவள் உடம்பில் தேடிக்கொண்டே இருந்தன.

மகளை இடுப்பிலும் சின்னவனைத் துண்டிலுமாக ஷேர் ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"கடிக்கறதுக்கு முன்ன உறுமுச்சாம்மா?"

"இல்லீங்க. சத்தமே இல்ல."

"எப்பவுமே உறுமாதா?" தையல் நூலை இழுத்தபடியே கேட்டார்.

உறுமுவான். உறுமக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது நான். எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, கோபத்தை அப்படியே விட்டுவைத்திருந்தேன். அவரிடம் எதுவும் சொல்லாமல் திரும்பினேன்.

மாலையில் கணவர் ரத்தம் பட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவன் அவர் காலடியில் படுத்திருந்தான்.

"ஊர்ல எங்க அண்ணன் கொல்லையில வுட்டுரலாம். நெலத்துல மோட்டார் கொட்டாயில கட்டிப்போட்டா கெடப்பான். இன்னா பண்றது, புள்ள கீற வீடு." பெரியவனைப் பார்க்காமலேதான் சொன்னார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். குழந்தைக்கும் நல்லது, என் தவறும் யாருக்கும் தெரியாது. அரிசியைத் தேவைக்கு மேல் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு, நான் உறுமலை அடக்கியதால்தான் அவன் சத்தமில்லாமல் கடித்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மடியிலிருந்த சட்டையை மடித்துக் கீழே வைத்தார். "இப்ப இன்னா செய்யணும்ன்ற?"

"ஒரு மாசம் பாக்கலாங்க."

கட்டிலுக்கடியில் பெரியவனுக்கு இடம் ஒதுக்கி, குறுக்கே பலகை வைத்தேன். மகளை இடுப்பை விட்டு இறக்குவதே அரிதானது. தையல் ஆறியதும் விடியற்காலையில் சின்னவனைத் தண்டவாளம் வரை ஓடவிட்டுக் கூட்டிவந்தேன். வீட்டில் அவன் கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். பெரியவன் பக்கம் போனால் இழுத்து, கடிக்கத் தேங்காய் ஓடு கொடுத்தேன்.

"புள்ள ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். கங்காரு மாதிரி சுத்திக்கினு கீற," என்றார். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் பெரியவனிடம் 'இனி உறுமு' என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. வீடு அமைதியாக இருந்தால் திடுக்கிட்டு அவன் வாயைப் பார்ப்பேன். அவனோ விரலுக்குப் பயந்து கண்ணைத் தாழ்த்திக்கொள்வான்.

மூன்றாவது வாரம், குக்கரை இறக்கும்போது கயிறு தளர்ந்துவிட்டது. கூட்ஸ் வண்டி போகிற மாதிரி ஒரு தாழ்ந்த சத்தம். ஜங்ஷன் பக்கமிருந்து வருகிறது என்றே நினைத்தேன். திரும்பினால் சின்னவன் பலகைக்கு மேலே தலையை நுழைத்திருக்கிறான். பெரியவன் உதட்டைச் சுருக்கியிருந்தான். ஆனால் அவன் பார்த்தது என்னை. பார்த்ததும் சத்தம் பாதியில் நின்றது.

என் விரல் தானாகவே நீண்டிருந்தது. மடக்கிக்கொண்டேன். சின்னவனை இழுத்துக் கட்டிவிட்டு, "சரி," என்றேன். வேறென்ன சொல்வது? பெரியவன் தலையைத் தரையில் வைத்தான். இடுப்பிலிருந்த மகள் "உர்ர்" என்றாள்.

மண்டிக்கு போன் செய்தேன். "ஏங்க, பெரியவன் உறுமுனான்."

"யாரயாவது கடிச்சானா?"

"இல்ல. உறுமுனான், அவ்ளோதான்."

மறுமுனையில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. "சரி, பாத்துக்க. கொல்லைக்கு இப்ப வேணான்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன்," என்றார்.

பலகையை எடுக்கவில்லை. அந்த உறுமல் இன்னொரு முறை கேட்குமா என்று, அடுப்பைத் தணித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.