பின்வாசல் வழியாக

சங்கு ஊதினால் என் அண்ணனுக்குப் பீடி வேண்டும். ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. பஞ்சு பறக்கும் இடம், தீப்பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். ஷிப்டு முழுக்கப் பீடி ஞாபகமே வராதாம். சங்கு ஊதிவிட்டால் போச்சு, காசு எடுக்கக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். முன்வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை. பீடி பற்றவைக்கத் தூணில் நுனி கனன்றபடி தொங்கும் கயிறு. அண்ணன் தலை தெரிந்ததுமே கடைக்காரர் பீடியை எடுத்து நீட்டிவிடுவார்.

பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாய்வீடு போன அண்ணி, மகளைப் பெற்றதும் சட்டம் போட்டுவிட்டார். பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கிறது, பீடி நாற்றத்தோடு யாரும் தூக்கக் கூடாது.

அண்ணன் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். மறுநாள் ஷிப்டு முடிந்து பஸ் ஏறி வந்தவனின் கையை அண்ணி மோந்து பார்த்தார்.

"சூட வாசத்தவிடப் பீடி வாசம்ல தூக்குது!"

அடுத்த வெள்ளி மறுபடி சூடம். நான் அப்போது கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங். மன உறுதி பற்றிக் காலேஜ் பஸ்ஸில் படித்ததையெல்லாம் அவன் காதில் ஓதினேன்.

"செத்த நேரம் சும்மா இருலே" என்றான்.

ஒரு வாரம் மில் முன்னால் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். ஆட்களைப் பின்வாசல் வழியாக விட்டார்கள். அங்கிருந்து நேரே பஸ் ஸ்டாப். அந்த வாரம் பூராவும் அண்ணன் கையில் சோப்பு வாசம்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "பாத்தியாலே, சத்தியம்னா சத்தியம்!" என்று மீசையை முறுக்கினான்.

பள்ளத்தை மூடினார்கள். அன்றைக்கே பீடி. அண்ணி பிள்ளையோடு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "அண்ணே, பேசாம தினமும் பின்வாசலாவே வந்துரேன்!"

"போலே! சத்தியம் பண்ணுன ஆம்பள, ஒரு பெட்டிக்கடைக்குப் பயந்து பின்வாசலா ஓடவா? மில்லே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒனக்குப் பிள்ள வேணுமா, மீச வேணுமா?"

ரெண்டு நாள் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தான். பிறகு வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பின்வாசலைத் திறக்க வைத்தான். அதற்கப்புறம் வீட்டில் யாரும் சூடத்தைத் தேடவில்லை.

அவனுடைய வார லீவு ஒன்றில் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தோம். எங்கோ ஒரு மில் சங்கு ஊதியது. பேச்சு நிற்கவில்லை, ஆனால் அண்ணனின் வலக்கை மெல்ல எழுந்து சட்டைப் பையைத் தொட்டது. அண்ணி பார்த்துவிட்டார். பிள்ளையைத் தூக்கி அந்தக் கையில் வைத்தார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க."