அந்த ஆள் சொல்லவே இல்லை

அட்டைப்பெட்டி கம்பெனியில் அவளுக்குப் பேர் ‘வாய்’. கேலிக்கு வைத்த பேர்தான், ஆனால் வேலையும் அதுவே. கடல் தாண்டிப் போய் எட்டு வருடம் வீட்டுவேலை பார்த்ததில் அந்த ஊர் மொழி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அதே ஊரிலிருந்து ஆட்கள் இங்கே வேலைக்கு வர ஆரம்பித்ததும், பெட்டி மடித்துக்கொண்டிருந்தவளை மேனேஜர் இழுத்து நடுவில் நிறுத்திவிட்டார்; மடிக்கிற வேலையும் கூடவே இருந்தது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு சொல்லைக்கூட விடமாட்டாள். “அந்த எருமைமாட்டை மிஷினை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு” என்று மேனேஜர் கத்தினால், எருமைமாடும் சேர்ந்தே அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

“அதையுமா சொல்லுவே?”

“நீங்க சொன்னதுதானே சார்.”

எல்லோரும் சிரிப்பார்கள். போன மாதம் ஒரு அதிகாரி பயிற்சி கொடுக்க வந்தார். வெளிநாட்டு ஆட்களிடம் நிதானமாகப் பேசுங்கள், படம் காட்டுங்கள், எதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று அரை நாள் பேசினார். எல்லாம் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் ‘சுருக்கமாக’ என்று காதில் விழுந்ததுமே இவளுக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், சரக்கு ஏற்றும் நாள். பசை மிஷினில் நின்ற ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

“அக்கா, நெஞ்சுல ஆரம்பிச்சு இடது கை வரைக்கும் வலி இறங்குது. தாடைகூட வலிக்குது. இப்படி எனக்கு வந்ததே இல்ல. பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கக்கா.”

மேனேஜர் வாட்சைப் பார்த்தபடி, “என்னவாம்?” என்றார். அவள் மேஜையில் மடிக்காத பெட்டிகள் மலையாகக் கிடந்தன.

“உடம்பு முடியலையாம் சார்.”

“யாருக்குத்தான் முடியுது? டீ நேரத்துல உக்காரச் சொல்லு.”

டீ நேரம் வரை அவன் தாங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. புது ஆட்கள் வரும்போதெல்லாம், முதல் நாளே மேனேஜர் அவன் கதையைச் சொல்வார். “நல்ல உழைப்பாளி. என்ன பிரயோஜனம்? முடியலன்னு மட்டும் சொன்னான். நெஞ்சு வலின்னு வாயைத் திறந்து சொல்லவே இல்ல. நீங்க யாரும் அப்படி இருக்காதீங்க.” அதை இவள் அவனுடைய மொழியிலேயே அவர்களுக்குச் சொல்வாள், ஒரு சொல் விடாமல். செத்தவன் மேல் இதுவரை பதினோரு தடவை பழி போட்டிருக்கிறாள், பாவி. அவனும் அவளை விடவில்லை. பாத்திரம் கழுவும்போது பசை வாடை குப்பென்று அடிக்கும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது காதோரம் “கேளுங்கக்கா” என்பான். வெடுக்கென்று திரும்புவாள். “யாரைத் தேடுற?” என்று புருஷன் கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். வெளியே சொன்னால் வேலை போய்விடும். வேலை கிடக்கட்டும், அவன் ஊர்க்காரர்கள் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

பன்னிரண்டாவது தடவை வந்தது. ஒன்பது புது ஆட்கள் கேன்டீன் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கதையைச் சொன்னார், இவளும் சொல்லி முடித்தாள். கடைசி பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்தாள்.

“அது என் வீட்டுக்காரர்.”

வாயின் முகத்தில் ஈயாடவில்லை.

“கொசு கடிச்சாலே அரைமணி நேரம் புலம்புற மனுஷன் அவர். அன்னைக்கு மட்டும் எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பார்? அதைக் கேட்கத்தான் இந்தக் கம்பெனியாப் பார்த்து வந்தேன். சாரைக் கேளுங்கக்கா.”

“என்னவாம்?” என்றார் மேனேஜர்.

அப்படியே சொன்னாள். மேனேஜர் அரண்டுபோனார்.

“ஐயோ, சொல்லியிருந்தா என் கார்லயே தூக்கிட்டுப் போயிருப்பேனே, சத்தியமா! அவர் சொல்லலையே. அதைச் சொல்லும்மா.”

அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

“சொன்னார்மா.” நெஞ்சு, இடது கை, தாடை, பயம், ஆஸ்பத்திரி என்று வரிசை மாறாமல் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். “நான்தான் சாருக்குச் சொல்லல. கையில வேலை கிடந்துச்சு. சுருக்கிட்டேன்.”

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, ரொம்ப மெதுவாக ஏதோ கேட்டாள்.

“என்னதான் நடக்குது? என்னவாம்?” என்றார் மேனேஜர்.

வாய் அவர் பக்கம் திரும்பினாள்.

“அவன் எல்லாத்தையும் என்கிட்ட சொன்னான் சார். நெஞ்சு வலின்னு சொன்னான், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னான். நான்தான் உங்ககிட்ட சொல்லல. இவங்க இப்ப கேக்குறது… அவர் போன்ல எப்பவும் சொல்லுவாராம், ‘நீ கவலைப்படாதே, இங்க ஒரு அக்கா இருக்காங்க, நான் சொல்றதை அப்படியே சொல்லிடுவாங்க’ன்னு. அந்த அக்கா நீங்கதானான்னு கேக்குறாங்க சார்.”