அரக்கு வராத புரொஜெக்டர்

1. சாம்பல்

என் பிழைப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தை நம்பித்தான் ஓடியது. ஹோம் தியேட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இத்தனை கலர் காட்டும் மெஷினை மாட்டிவிட்டு, சாம்பலைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஆமாம், அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் டிஸ்க்கைப் போட்டு, பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் திருத்தி, முதலில் கருப்பைக் கருப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் ஆக்க வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் சாம்பல் படிகளில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்காதபடி ரெட் கெயின், ப்ளூ கெயின் இரண்டையும் சரிசெய்ய வேண்டும். சாம்பல் சுத்தமானால் மற்ற கலரெல்லாம் தானாக வந்து நிற்கும். இதைத்தான் காலிபரேஷன் என்கிறோம்.

இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், காஞ்சிபுரத்துக்கு மட்டும் போகக் கூடாது. நான் போனேன்.

புரொஜெக்டர் வீடுகளுக்குள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. சென்னையில் ஒரு ஷோரூமில் டெக்னீஷியனாக இருந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த தயாளன் என்பவர் வீட்டு மாடியில் மெஷின் மாட்ட வேண்டும் என்று முதலாளி அனுப்பினார். தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

தயாளனின் மனைவி புவனாம்மா குங்குமச் சிமிழோடு தயாராக நின்றார். புது மெஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். லென்ஸைத் தவிர எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்று கையை விரித்து மறித்துக்கொண்டேன். பொட்டு முடிந்ததும் டெஸ்ட் டிஸ்க்கைப் போட்டேன். திரை முழுக்கச் சாம்பல் வந்தது.

"இன்னா தம்பி, நல்ல நாளும் அதுவுமா சாம்பலக் காட்டுற?" என்று அந்தம்மா பதறிவிட்டார்.

அவரைச் சமாதானப்படுத்துவதற்காகக் கலர் பார் பேட்டர்னுக்கு மாற்றினேன். பட்டை பட்டையாக ஏழு கலர். அதைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இது பார்டருக்கு நல்லாருக்குமே. அப்படியே நிறுத்து" என்று கணவரைக் கூப்பிட்டார். தயாளன் வந்து பார்த்துவிட்டு, மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்த வெளிர்நீலம் ஒட்டாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். உலகம் முழுக்க டெக்னீஷியன்கள் கும்பிடும் பேட்டர்ன் அது.

2. தக்காளி

வேலை சுத்தமாக முடிந்தது. எனக்கே முதுகில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் தயாளன் ஒரு டிவிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகள் வனிதாவின் கல்யாண வீடியோ.

படம் ஓடியது. பந்தல், வாழைமரம், ஐயர், மாப்பிள்ளை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இயல்பாக இருந்தன. முகூர்த்தப் புடவையோடு மகள் மணவறைக்கு வந்ததும் தயாளன் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது?"

"உங்க பொண்ணு சார்."

"பொண்ணு தெரியுதுப்பா. புடவைய கேக்கறேன். நான் குடுத்தது அரக்கு. இது தக்காளி. அதுவும் நாட்டுத் தக்காளி கூட இல்ல."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. சம்பந்தி வீட்டில் முகூர்த்தப் புடவை அரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கடலைமிட்டாய் வெல்லப்பாகு போல அடர்த்தியான அந்தச் சிவப்பைத் தயாளன் தானே நின்று சாயம் போடவைத்து, சொந்தத் தறியில் நெய்து கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்து இதே டிவிடியை வீட்டு டிவியில் போட்டபோது மாப்பிள்ளை கார்த்தி, பத்துப் பேர் நடுவில், "கலர் ஒண்ணும் சரியில்லையே மாமா, ஆரஞ்சா இல்ல இருக்குது" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து தயாளனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அரக்குன்னு சொல்லி ஆரஞ்சு குடுத்தான்னு இல்ல அந்த வீட்ல பேசிக்கினு இருப்பாங்க? தல தீபாவளிக்கு மாப்ள வராரு, சம்பந்தியம்மாவும் வராங்க. அவங்க முன்னால இதுல அரக்கு வரணும். அதுக்குத்தான்பா இந்த மெஷினே வாங்கினேன்" என்றார்.

அவர் சினிமா பார்க்க வாங்கியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்குக் காரணம் புரிந்தது. அந்தக் காலத்து வீடியோ கேமராக்கள் அழுத்தமான சிவப்பைக் கண்டால் திணறிவிடும். அரக்கு என்பது கேமராவுக்குள் போகும்போதே தக்காளியாகிவிட்டது. மற்றதெல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. இதை விளக்கி, "மாப்பிள்ளை முகத்தைப் பாருங்க சார், எவ்வளவு இயல்பா இருக்குது" என்றேன்.

"மாப்ள மூஞ்சிய நானா நெய்ஞ்சேன்? புடவைதான்பா நான் நெய்ஞ்சது" என்றார் தயாளன்.

3. கண்ணில் ஏற்றுதல்

மறுநாள் காலை என் முதலாளி கூப்பிட்டு, "பார்ட்டி பொட்டிய திருப்பி எடுத்துக்கோன்றாரு. அவர் கேக்குற கலரைக் குடுத்துட்டு வா. கஸ்டமர் கண்ணுதான் நமக்கு மீட்டர்" என்றார். ஷோரூமில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொல்வது சுலபம். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினேன்.

மாடி அறையில் தயாளனோடு அவர் கடைக்குச் சாயம் போடும் முனுசாமியும் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் சாயம் ஏறிய மனிதர். அவர் மடியில் ஒரு புடவை இருந்தது. கல்யாணப் புடவையோடு தறியில் ஒரே பாவு நூலில் நெய்த இன்னொன்று, அதே சாயம். இதைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் திரையில் அதே கலரைக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் படத்தை நிறுத்தி வைத்தேன். முனுசாமி புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இருட்டில் புடவை கருப்பாகத் தெரிந்தது. உடனே தயாளன் போய் ஜன்னல்களை எல்லாம் படபடவென்று திறந்தார். புடவை ஜொலித்தது, படம் காணாமல் போய்விட்டது.

"சார், ஜன்னலைத் திறந்தா படம் தெரியாது."

"கலர் பாக்கறதுன்னா வெளிச்சத்துலதான்பா பாக்கணும். எங்க கடையில ட்யூப்லைட்ல புடவை பாத்து எவனாவது வாங்குவானா? வாசலுக்கு எடுத்துக்கினு போய், வெயில்ல பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள வருவான்."

"புடவையை எடுத்துக்கிட்டுப் போகலாம் சார். படத்தை எப்படி வாசலுக்கு எடுத்துக்கிட்டுப் போறது?"

இந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

வழி சொன்னது முனுசாமிதான். "மொதலாளி, சாயப்பட்டறையில நாங்க பண்றதுதான். கலரக் கண்ணுல ஏத்திக்கினு வந்துடலாம்." ஜன்னல்களை மூடிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் புடவையை நன்றாக உற்றுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கீழே ஓடிவந்து, திரைக்கு முன்னால் திறப்பது என்று முடிவாயிற்று. வழியில் வேறு எந்தக் கலரும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தயாளன் தலையோடு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டார். புவனாம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவர, பின்னால் முனுசாமி கண்ணை மூடி முதலாளியின் தோளைப் பிடித்தபடி வந்தார். நிலைப்படியில் தயாளனுக்கு நெற்றியிலும் முனுசாமிக்கு முழங்காலிலும் அடிபட்டது. தயாளன் துண்டை விலக்கிக் கண்ணைத் திறந்தார்.

"பச்சை! மாப்ளையோட வெள்ளை வேட்டி பச்சையா தெரியுதுப்பா! உன் மெஷினு போச்சு!"

மெஷினுக்கு ஒன்றுமில்லை. சிவப்பையே வெயிலில் வெறித்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் யாருக்கும் பச்சையாகத்தான் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், கண் பழகட்டும் என்று உட்காரவைத்தேன். கண் பழகியபோது கலர் மறந்துவிட்டது.

"ஆறிப்போச்சுப்பா" என்று பரிதாபமாகச் சொன்னார் தயாளன். மறுபடியும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். மத்தியானம் வரைக்கும் ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அரக்கோடு திரும்பி வந்தார்கள். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்து, சிரிப்பும் போய், கடைசியில் அந்த மனிதர் மேல் இரக்கம் வந்துவிட்டது. நெற்றி வீங்கியும் விடாமல் ஓடுகிற ஆளிடம் நான் போய் சாம்பலைப் பற்றி என்ன பேசுவது? ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ரெட் கெயினைக் குறைத்து, ப்ளூ கெயினை ஏற்ற ஆரம்பித்தேன். முனுசாமி திரையருகே நின்று, சாயத்தொட்டிக்கு முன்னால் நிற்கும் தோரணையில் உத்தரவு போட்டார்.

"இன்னும் ஒரு முக்கு முக்குப்பா... இன்னும் ஒண்ணு... இரு இரு, போதும், எடுத்துடு."

தயாளன் உரக்கக் கத்தினார். "அரக்கு! அதாம்பா என் அரக்கு!" புவனாம்மா கைதட்டினார். நானும் தட்டினேன். அப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஆள் கத்திரிப்பூக் கலரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பட்டு வேட்டி நீலமாகிவிட்டது. ஐயருக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை கத்திரிப்பூவா இருக்காரே" என்று மெதுவாகச் சொன்னேன்.

முனுசாமி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நல்ல கலர்தான். அரக்குக்கு எடுப்பா இருக்குது" என்றார்.

4. தலை தீபாவளி

என் மனசாட்சிக்காக ஒரு வேலை செய்திருந்தேன். அந்த மெஷினில் செட்டிங்கைச் சேமிக்க இரண்டு யூசர் மெமரி உண்டு. முதலில் செய்த ஒழுங்கான காலிபரேஷன் யூசர் ஒன்றில் இருந்தது. அரக்கை யூசர் இரண்டில் போட்டேன். ரிமோட்டில் ஒன்று, இரண்டு என்று பட்டன். முகம் வரும்போது ஒன்று, புடவை வரும்போது இரண்டு. தீபாவளியன்று நானே பின்னால் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று தயாளன் கேட்டுக்கொண்டார். பண்டிகை நாளில் புரொஜெக்டர் ரிமோட் பிடிக்க வெளியூர் போகும் புருஷனுக்கு என் வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை கார்த்தி, வனிதா, கார்த்தியின் அம்மா. தயாளன் ஓரமாக, என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பத்தில் சமாளித்தேன். ஐயர் வந்தார், ஒன்று. பெண் நடந்து வந்தாள், இரண்டு. நாதஸ்வரம், ஒன்று. புடவை முந்தானை, இரண்டு. ஆனால் அந்த வீடியோக்காரர் இதய வடிவில் ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தை வரவைக்கும் வித்தையை நிறையக் கற்றிருந்தார். இதயத்துக்குள் புடவை, வெளியே மாமனார். என் கட்டைவிரல் தடுமாறியது. படமும் மாற்றும்போதெல்லாம் ஒரு நொடி கண் சிமிட்டியது. கரன்ட் சரியில்லை என்று புவனாம்மா ஒரு பொய் சொன்னார்.

பிறகு தாலி கட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளை குனிகிறார், பெண் தலை குனிந்திருக்கிறாள், முகமும் புடவையும் ஒரே குளோசப்பில் திரையை நிறைத்து நிற்கின்றன. ஒன்றா, இரண்டா? தயாளன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டை அமுக்கினேன்.

கெட்டிமேளம் முழங்க, கத்திரிப்பூக் கலர் மாப்பிள்ளை அரக்குப் புடவைப் பெண்ணுக்குத் தாலி கட்டினார்.

வனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்தியின் அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அரக்குதான்" என்றார் அந்தம்மா. "அன்னைக்கு மண்டபத்துல பாத்த அதே அரக்கு. என்னா சம்பந்தி, புடவை அப்படியே இருக்குது, என் புள்ளைக்குத்தான் சாயம் ஏறிப்போச்சு!"

தயாளனுக்குக் குரல் தழுதழுத்தது. ஆனாலும் வியாபாரி. "மாப்ளைக்கு ஏறினது ரெண்டு தண்ணியில போயிடும் சம்பந்தியம்மா. புடவைக்கு ஏறினது போகாது" என்றார்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். கார்த்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, அன்னைக்கு நான் டிவியத்தான் சொன்னேன். உங்க புடவைய சொல்லுவேனா? எங்க வீட்ல இன்னைக்கும் அதப் பத்தித்தான் பேச்சு. அம்மா வரவங்ககிட்டல்லாம் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுறாங்க."

"வாசலுக்கு எடுத்துக்கினு போயா?" என்று கேட்டார் தயாளன்.

"வெயில்லதான் சம்பந்தி. வேற எப்படிக் காட்டுவாங்க?" என்றார் அந்தம்மா.

தயாளன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அன்று மாடிப்படியில் கலரைக் காப்பாற்றப் போர்த்திக்கொண்ட அதே துண்டு. கொஞ்ச நேரம் அதை விலக்கவே இல்லை. நான் ரிமோட்டைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம், "ஒண்ண அமுக்குப்பா. மாப்ளைய நல்லா பாக்கணும்" என்றார்.

அமுக்கினேன். மாப்பிள்ளை மனுஷ நிறத்துக்கு வந்தார். புடவை தக்காளியாகிவிட்டது. படம் முடியும்வரை அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தயாளன் உட்பட.

5. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

சாம்பலில்தான் ஆரம்பியுங்கள், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டெஸ்ட் டிஸ்க்கை வெளியே எடுப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் யாருக்கு எது சரியாகத் தெரிய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேட்டதைக் கொடுத்து யூசர் இரண்டில் போட்டுவையுங்கள், ஒன்றைத் தொடாதீர்கள். மனசு ஆறிய பிறகு அவர்களே ஒன்றைக் கேட்பார்கள்.

சில வருஷம் கழித்து லேம்ப் மாற்ற அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு செட்டிங்கும் அப்படியே இருந்தன. லென்ஸில் பொட்டு இல்லை. ரிமோட்டில் இரண்டாம் நம்பர் பட்டனுக்கு மேல் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.