காணாமல் போன மூன்றாம் படம்

கம்பத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு குஸ்திக் கோதா இருந்தது. அதன் மண்ணை மூன்று வருஷம் கொத்தியவன் நான். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கட்டி தட்டி, செம்மண்ணில் நல்லெண்ணெயும் மஞ்சள் பொடியும் மோரும் விட்டு, வெறுங்காலால் மிதித்துப் பதமாக்கி வைப்பேன். அதில் மற்றவர்கள் இறங்கிக் குஸ்தி போடுவார்கள். நான் கரையில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள்கூட என்னைக் குஸ்தி போட விட்டதில்லை.

காரணம் என் உடம்பு. மாடுகளுக்கு லாடம் கட்டுவது என் தொழில். உயரம் கம்மி, எடை அதைவிடக் கம்மி. "எறங்குனயின்னா நசுக்கிப்புடுவாக, போப்பா" என்று கோதா வாத்தியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொன்னவரோடு சண்டை போடலாம். உண்மையைச் சொன்னவரை என்ன செய்வது?

கோதாவில் அப்போது எல்லோரையும் சாய்த்துக்கொண்டிருந்தவர் காமயகவுண்டன்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர். ஆளைப் பார்த்தாலே பாதிப் பேர் தோற்றுவிடுவார்கள். ஒரு நாள் டீக்கடையில் அவர் காலை நீட்டி, "லாடக்காரரே, இந்தச் செருப்புக்கும் ரெண்டு ஆணி அடிச்சு விடுங்க" என்றார். கடையே சிரித்தது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது மடல் வரை சுட்டது.

"அண்ணே, ஒரு நாள் ஒங்க வாயாலயே 'விடு'ன்னு சொல்ல வைக்கிறேன், பாருங்க" என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று வாத்தியாரும் கடையில் இருந்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொன்ன சொல்லுக்கு நில்லு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ரெண்டு பேரும் எறங்குங்க. நீ தோத்தா கோதாப் பக்கமே வரக்கூடாது. மண்ணு கொத்த வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

குஸ்தி போடாமல்கூட இருந்துவிடுவேன். அந்த மண்ணின் வாசனை இல்லாமல் இருக்க முடியுமா?

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் முக்கி முனகி ஓடின. அதனால் குமுளி மலை ஏறுகிற மாட்டு வண்டிகளுக்குக் கிராக்கி. என் புளியமரத்தடியில் மாடுகள் வரிசையில் நிற்கும். கூட வேலை செய்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. என்னைவிட ஒரு வயதுதான் இளையவன். நான் குளம்பைச் சீவி ஆணி அடிப்பேன்; அவன் கீழே சாய்த்த மாட்டின் கழுத்தருகே குந்தி, கொம்பைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வான்.

அந்த மைத்துனன் ஒரு நாள் வறுத்த கடலை வாங்கி வந்தான். கடலையைத் தின்று முடித்துப் பொட்டலத் தாளை விரித்தவன், "மச்சான், இங்க பாருங்க, ரெண்டு வெள்ளைக்காரன் கட்டிப் பெரளுறான்" என்றான். மலை எஸ்டேட்டிலிருந்து எடைக்குப் போட்ட ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தின் தாள். படங்களுக்கு நம்பர் போட்டிருந்தது. முதல் படத்தில் ஒருவன் இன்னொருவனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அவன் தொடைகளுக்குள் கொக்கி போல மாட்டியிருந்தான். இரண்டாவதில் பின்னால் இருந்தவன் முன்னவனின் ஒரு கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான்காவதில் இருவரும் சிலுவை போலக் குறுக்கே கிடந்தார்கள். பிடிபட்ட கை நீண்டு, பிடித்தவனின் தொடைகளுக்கு நடுவே முழங்கை நிமிர்ந்து, பிடிபட்டவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பிடித்தவன் அவனைவிடச் சின்ன ஆள். அதைப் பார்த்ததும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டேன்.

மூன்றாவது படம் இருந்த மூலை இல்லை. கடலைக்கார அம்மாளிடம் ஓடினோம். "அதக் கிழிச்சுச் சின்னப் பொட்டலம் போட்டேன். கரி பஸ்ஸுல வாங்குன ஆளு போடிக்குப் போயிருச்சு. அங்கன போயித் தேடுங்க" என்றாள். தபாலாபீசில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் தாளைக் காட்டினோம். ஜப்பான்காரன் குஸ்தி இது, ஜுஜுட்ஸு என்று பெயர், யுத்த நேரத்தில் இதை மடியில் வைத்துத் திரிந்தால் போலீஸ் பிடிக்கும் என்று பயம் காட்டி அனுப்பினார். மூன்றாவது படத்தில் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் எங்கள் புழக்கடையில் பழகினோம். மைத்துனன் முன்னால் உட்காருவான். நான் பின்னாலிருந்து கொக்கி போட்டு, அவன் இடது கையைப் பிடித்து, இடுப்பை நகர்த்திப் பக்கவாட்டில் சாய்வேன். அவன் உடனே எழுந்து உட்கார்ந்து, என் மேலேயே திரும்பி அமர்ந்துகொள்வான். பத்து தடவை செய்தால் பத்து தடவையும் அப்படித்தான். கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பலமாக இழுத்தேன். பல்லைக் கடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். ஒரு நாள் கோபத்தில் அவனைத் திட்டிவிட்டேன்; அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பேசாமல் வேலை செய்த அந்த நாள்களில்தான் அது நடந்தது. கூடலூர் வண்டிமாடு ஒன்று, முரட்டுக் காளை. காலைக் கட்டிச் சாய்த்திருந்தோம். நான் முதல் ஆணியை வைத்த நேரம் மைத்துனனுக்குத் தும்மல் வந்தது. கொம்பிலிருந்து ஒரு நொடி கையை எடுத்தான். காளை தலையை ஒரு வீசு வீசி எழும்ப, காலைப் பிடித்திருந்த நான் புளியமர வேரில் போய் விழுந்தேன்.

"கட்டு இருக்கும்போதே எப்பிடியா எந்திரிச்சது?" என்று வண்டிக்காரர் கத்தினார்.

மைத்துனன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "காலை எம்புட்டுப் பிடிச்சாலும் தலைய விட்டா எந்திரிச்சிரும்ல" என்றான்.

நான் வேரிலிருந்து எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அந்த நொடியில் இரண்டு பேருக்கும் மூன்றாவது படம் தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷமாக நாள் தவறாமல் செய்கிற வேலை! தலை எழும்பாமல் எந்த உடம்பும் எழும்பாது என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? நான்கு வாரம் கையையே இழுத்துக்கொண்டிருந்த முட்டாளை என்னவென்று சொல்வது?

அன்று மாலை, பக்கவாட்டில் சாயும்போதே என் வலது காலைத் தூக்கி மைத்துனனின் முகத்துக்கு மேலே போட்டு, தலையைத் தரையோடு அழுத்தினேன். இடது கால் அவன் வயிற்றின் மேல். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் கையை என் நெஞ்சோடு அணைத்து இடுப்பைச் சற்றே தூக்கியதும் முழங்கை நிமிர்ந்தது. "ஆத்தாடி! விடுங்க மச்சான், விடுங்க!" என்று அலறினான். அந்த அலறலை இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது. கேட்டேன்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். ஏற்கெனவே அவளுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாஞ் சரி. கோதாவுல ரெண்டு தோளும் ஒண்ணா மண்ணுல பட்டா தோல்விதானே? நீங்களே மல்லாக்கக் கெடக்கீக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜப்பான்காரனுக்கு அந்த விதி இல்லை போலும். எங்கள் கோதாவில் தோற்க இரண்டே வழி: இரண்டு தோளும் மண் தொட வேண்டும், அல்லது வாயால் விடு என்று சொல்ல வேண்டும். அவர் விடு என்று சொல்வதற்குள் நான் மல்லாந்து தோற்றிருப்பேன். மூன்று வருஷம் கரையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு உறைக்காதது, கோதாவை எட்டிக்கூடப் பார்க்காதவளுக்கு உறைத்துவிட்டது. கோபம் வந்தது. அவள் மேல் காட்ட முடியாமல் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் அவளே அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து புழக்கடை முழுக்கத் தூவினாள். "விழுங்க" என்றாள். விழுந்து எழுந்ததும், "திரும்புங்க" என்றாள். முதுகைப் பார்த்து, "ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு. தோத்துட்டீக" என்றாள். பிறகு தினமும் அதே கதைதான். விழுங்க, திரும்புங்க, தோத்துட்டீக. வாத்தியார்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார். வலது தோளில் மட்டும் விழுந்து, அவன் தலைப் பக்கமாகவே சற்று ஒருக்களித்து, இடது தோளை ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக்கொண்டே இடுப்பைத் தூக்க வேண்டும். விலாவெல்லாம் வலித்தது. மார்கழி முடிவதற்குள் ஒரு மாலை அவள் என் முதுகை அதிக நேரம் பார்த்தாள். இடது தோளை விரலால் தடவி, விரலையும் பார்த்தாள். சாம்பல் இல்லை. உள்ளே போய் எனக்கு மட்டும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையிலேயே கோதாவைச் சுற்றிக் கூட்டம். மலைக்குப் போகிற வண்டிகள்கூட நின்றுவிட்டன. நான் உடம்பில் எண்ணெய் தேய்த்து உள்ளே இறங்கினேன். நானே கொத்திய மண் முதல்முறையாக என் குஸ்திக்காக என் காலடியில் மெத்தென்று அமுங்கியது. கண் கலங்கியதை எண்ணெய் பட்டது போலத் துடைத்துக்கொண்டேன்.

தோப்புக்காரர் கையை விரித்துக்கொண்டு வந்தார். அந்தக் கைக்குள் அகப்பட்டால் கதை முடிந்தது. அவருடைய இடது கக்கத்துக்கு அடியில் குனிந்து புகுந்து பின்னால் போய் இடுப்பைக் கட்டினேன். அவர் முட்டி போட்டார். நான் முதுகில் ஏறிக் கால்களைக் கொக்கி போட்டேன். கூட்டம் சிரித்தது, முதுகில் ஏறுகிறவர்களை அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியே பாதி எழுந்து மல்லாக்க விழுவார். மேலே இருந்தவன் அடியில் போவான். இரண்டு தோளும் மண்ணில் அப்பிக்கொள்ளும்.

எழுந்தார். சாய்ந்தார். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். அவர் சாயச் சாய இடுப்பை அவருடைய இடது பக்கம் நழுவவிட்டு, இடது கையை இரண்டு கையாலும் பிடித்து, வலது காலை அவர் முகத்துக்கு மேலே வீசினேன். வலது தோள் மண்ணில் பட்டது. இடது தோளை உயிரைப் போலத் தூக்கிப் பிடித்தேன். கை என் பிடியில் இழுபட்டதால் அவருடைய இடது தோளும் மண் தொடாமல் நின்றது.

அவர் எழும்பப் பார்த்தார். தலை வரவில்லை. மறுபடி உந்தினார். அந்தப் பெரிய உடம்பு இடுப்புக்குக் கீழே திமிறியது, புரண்டது, மண்ணை உதைத்தது. தலை மட்டும் வரவில்லை. இடுப்பை ஒரு விரற்கடை தூக்கினேன். முறிப்பதற்கு இன்னும் இடம் இருந்தது. முறிக்க எனக்கு ஆசையில்லை. ஒரு சொல்தான் வேண்டும்.

"விடப்பா" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விடு!"

விட்டுவிட்டேன். ஆனால் அவருடைய ஆட்கள் விடவில்லை. "லாடக்காரன் மல்லாந்து கெடந்தான்! முன்னாடியே தோத்துட்டான்!" என்று கத்தினார்கள். கரையில் தள்ளுமுள்ளு. வாத்தியார் இறங்கி வந்து கையை உயர்த்தினார்.

"வாயை மூடுங்க. ஏலே, திரும்பு."

இந்த வார்த்தையைப் புழக்கடையில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! திரும்பி நின்றேன். வலது தோள் முழுக்கச் செம்மண். வாத்தியார் என் இடது தோளில் விரலை அழுத்தி இழுத்து, அந்த விரலைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் மட்டும் பளபளத்தது. ஒரு பொட்டு மண் இல்லை.

மைத்துனன் போட்ட கூச்சல் சந்தையைத் தாண்டிக் கேட்டிருக்கும். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். நானும் இறங்க அவசரப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க மிக நன்றாக இருந்தது.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டிருக்கும். இருந்தாலும் உள்ளே விடவில்லை.

"திரும்புங்க."

திரும்பினேன். பார்த்தாள். "ம். இன்னிக்கு ஜெயிச்சுட்டீக" என்றாள். வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழக்கப்படியே விடிந்ததும் கோதாவுக்குப் போனேன். மூலையில் மண்வெட்டி இல்லை. தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். இடது முழங்கையில் மஞ்சள் பற்று போட்டிருந்தது. கொத்து சரியாக விழவில்லை. கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. நான் கையை நீட்டினேன். அவர் மண்வெட்டியைத் தரவில்லை.

"நீங்க போயி எண்ணெயத் தேய்ச்சிட்டு எறங்குங்க, லாடக்காரரே. கொத்தி முடிச்சதும் நானும் எறங்குறேன். அந்தக் காலை மொகத்து மேல எப்பிடிப் போட்டீக? அத எனக்குச் சொல்லிக் குடுக்கணும்."