வைட்டமின் குப்பி

மலையாள தேசத்துத் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்திலுள்ள ஒரு லாட்ஜில் இருபத்தாறு வருடமாகச் சாவி எடுத்துக் கொடுப்பவர் சுவாமிதாஸ். நாகர்கோவில்காரர், கல்யாணம் கூடி வரவில்லை. அறையைக் காலி செய்கிறவர்களிடம், "போறதுக்கு முன்ன ஒரு நல்ல சங்கதி சொல்லிட்டுப் போங்க, கேட்டோ" என்பார். குரங்கை விரட்டும் உபாயமோ, பால் திரியாமல் காய்ச்சும் வழியோ, எதுவானாலும் தன் வலைப்பூவில் எழுதிவிடுவார். பத்துப் பேர் படித்துவிட்டால் அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியாது.

போன ஜூலையில் தென்காசியிலிருந்து மகாராஜாவும் அவர் மனைவி பொன்னம்மையும் வைத்தியத்துக்காக வந்து தங்கினார்கள். மகாராஜாவுக்கு வயிற்றில் புற்று. டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். கணவரிடம் அவள் குடல்புண் என்று சொல்லிவைத்திருந்தாள். மாத்திரை அட்டையைப் பார்த்தால் பெயரை செல்போனில் தேடிவிடுவாரே என்று, ஒவ்வொன்றாகப் பிரித்து வைட்டமின் குப்பியில் போட்டுக் கொடுத்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கவே, சுவாமிதாஸிடம் சொல்லி அழுதாள்.

கேட்டவருக்கும் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு அன்பா என்று, பெயரும் ஊரும் போடாமல் அன்றே எழுதினார். பெயரை மறைத்தால் போதும் என்று நினைத்தாரே, அங்கேதான் புத்தி பிசகியது. மறுநாள் மகாராஜா வந்து, "பொழுதே போக மாட்டேங்கு அண்ணாச்சி" என்றபோது, பெருமை பொங்க அவர் செல்போனிலேயே வலைப்பூவைத் திறந்து கொடுத்ததும் இதே பாவிதான்.

சாயங்காலம் மகாராஜா தனியாக இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வைட்டமின் குப்பி சங்கதி படிச்சேன் அண்ணாச்சி."

சுவாமிதாஸ் பதறி எழுந்தார். "ஐயோ, பெரிய தெற்று, பெரிய தப்பு நடந்துபோச்சு. இப்பமே அத எடுத்துடுறேன்."

"எடுத்துருங்க. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக்கூடாது. தாங்க மாட்டா."

சுவாமிதாஸ் அழித்தார். அழித்து என்ன, படித்தவர் நெஞ்சிலிருந்து அழிக்க முடியுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பினார்கள். கணவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுப் பொன்னம்மை சாவி கொடுக்க வந்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் சிரித்து அவர் பார்த்தார்.

"சந்தேகமே இல்லாம முழுங்குதாவ அண்ணாச்சி. அடுத்த வருசம் வீட்டுக்கு மாடி எடுக்கணும்னு பேசுதாவ. நீங்க மட்டும் வாயத் தொறந்திருந்தா எல்லாம் போயிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்" என்று இரண்டு கையையும் கூப்பினாள்.

பதிலுக்குக் கும்பிட சுவாமிதாஸுக்குக் கை எழவில்லை.